கோட்டைக் கதவைத் தேடி: ஸ்காட்லாந்தில் ஆறு நாள்

முதல் நாள்: லீட்ஸ் – ஸ்டர்லிங்

இரவு பத்து மணி ஆகப்போகிறது, ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. மே மாதக் கடைசியில் இந்த ஊர் இப்படித்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அப்பா நாகையிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. லண்டன் கூட்டிப்போனோம், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாம் கல்லா இருக்கும்மா, மர வேலை எங்கயாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அவர் நாற்பது வருடம் அக்கரைப்பேட்டையில் மரப்படகு கட்டியவர். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து குவிந்ததும் அந்த வேலை மெல்ல மெல்ல நின்றுபோனது, உளியையும் இழைப்புளியையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பயணம். நான், என் கணவர், பத்து வயது மகன், அப்பா என நாலு பேர், ஒரு கார், புளிசாதம் ஒரு டப்பா.

இன்று முழுக்க ஓட்டம்தான். கிரெட்னா தாண்டி ஸ்காட்லாந்துக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது, ஸ்டர்லிங் நெருங்கும்போது சட்டென்று விட்டது. சமவெளி நடுவில் ஒரு பாறை எழுந்து நிற்கிறது, அதன் தலையில் கோட்டை. அதில் ஒரு கட்டடம் மட்டும் நல்ல மஞ்சளாக, சாயங்கால வெயிலில் சந்தனம் பூசினது மாதிரி தெரிந்தது. நாளைக்கு அங்கேதான்.

இரண்டாம் நாள்: ஸ்டர்லிங் கோட்டை

காலை ஒன்பதரைக்கே போய் நின்றுவிட்டோம். முன்வெளியில் ராபர்ட் புரூஸின் கற்சிலை, 1314இல் இங்கிலாந்துப் படையைப் பேனக்பர்னில் தோற்கடித்தவர். அந்தக் களம் கோட்டையிலிருந்து சில மைல்தான். எதிர்ப்பக்கம் தூரத்தில் வில்லியம் வாலஸின் நினைவுக் கோபுரம், அதன் அடிவாரத்தை ஒட்டி வளைந்து போகும் ஃபோர்த் ஆற்றில்தான் 1297இல் ஸ்டர்லிங் பாலத்துப் போர் நடந்தது. மதில்மேல் நின்றால் இந்தக் கோட்டைக்காக ஏன் இத்தனை பேர் செத்தார்கள் என்பது புத்தகம் படிக்காமலே புரிந்துவிடும். தெற்கிலிருந்து வடக்கு மலைநாட்டுக்குப் போகிற படை ஆற்றைக் கடக்க வேண்டும், கடக்கிற இடம் இங்கே. பாறையில் இருப்பவன் பார்க்காமல் ஒரு மாட்டுவண்டிகூட நகர முடியாது.

அப்பா எங்கே போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பார். கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான், சாமிக்கு முன்னால் கதவு. நிலை என்ன மரம், கதவு சுழலுகிற குடுமி எப்படி உட்கார்ந்திருக்கிறது, எத்தனை பலகை சேர்த்திருக்கிறார்கள் என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இங்கேயும் அப்படியே. வாசலில் டிக்கெட் பார்க்கிற அம்மா பொறுமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

நேற்று தூரத்திலிருந்து பார்த்த மஞ்சள் கட்டடம் பெருமண்டபம். நான்காம் ஜேம்ஸ் மன்னர் 1500களின் தொடக்கத்தில் கட்டியது, ஏறத்தாழ 42 மீட்டர் நீளம், உள்ளே ஐந்து கணப்படுப்புகள். பிற்காலத்தில் இந்தக் கோட்டை ராணுவத்தின் கைக்குப் போனது, மண்டபத்துக்குள் தளம் போட்டுச் சுவர் எழுப்பிச் சிப்பாய்களின் குடியிருப்பாக மாற்றிவிட்டார்கள். 1964இல் ராணுவம் வெளியேறிய பிறகு அந்தத் தளங்களையும் தடுப்புகளையும் எடுத்து, கூரையை ஓக் மரத்தில் புதிதாகக் கட்டி, 1999இல்தான் வேலையை முடித்திருக்கிறார்கள். மரத்தோடு மரம் கோத்து நிற்கிற கூரை, நடுவில் ஒரு தூண் கிடையாது. அப்பா மண்டபத்தின் நட்டநடுவில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். "படகைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கும்மா" என்றார். உண்மைதான். வங்குகள், அதாவது படகின் விலாக் கட்டைகள், எல்லாம் அப்படியே வளைந்து நடு முதுகில் போய்ச் சேர்கின்றன.

அந்த மஞ்சள் பூச்சு வந்தபோது ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லையாம். கோட்டை என்றால் சாம்பல் கல்லாக இருக்க வேண்டும் என்று பழகியவர்கள். ஆனால் பழைய காலத்தில் மண்டபம் இப்படிச் சுண்ணாம்பு பூசித்தான் நின்றது, அதே நிறத்தைத்தான் திரும்பப் பூசியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "சுண்ணாம்பு அடிக்கலன்னா மழை கல்லைத் தின்னுடும், எந்த ஊரா இருந்தா என்ன" என்றார். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. நாம் பழமை என்று மயங்குகிற சாம்பல் நிறம், பராமரிக்காமல் விட்டதன் நிறம்.

இந்த மண்டபத்தில் 1594இல் நடந்த ஒரு விருந்தைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னேன், இன்று அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். ஆறாம் ஜேம்ஸின் மகன் ஹென்றிக்குப் பெயர் சூட்டும் விழா. அதற்காகவே பக்கத்தில் புதிதாகத் தேவாலயம் கட்டினார்கள், அது இன்றும் நிற்கிறது. விருந்தின்போது இந்த மண்டபத்துக்குள் ஒரு கப்பலையே கொண்டுவந்தார்களாம். அடிக்கட்டை 18 அடி, பாய்மரம், பித்தளைப் பீரங்கிகள் எல்லாம் உண்டு, அதிலிருந்து விதவிதமான மீன்களை இறக்கிப் பரிமாறினார்கள், சர்க்கரையில் செய்த மீன்கள் உள்பட. மணமகளைக் கூட்டிவர ஜேம்ஸ் கடல் கடந்து போய்ப் புயலில் பட்ட பாட்டை நினைவுபடுத்தத்தான் கப்பல். அப்பா கதவு வரைக்கும் போய் சாணால் அளந்துவிட்டு வந்தார். "18 அடின்னா அகலம் எட்டடி இருக்கும். நுழையும், நுழையும்" என்று தலையாட்டினார்.

அப்புறம் அரண்மனை. ஐந்தாம் ஜேம்ஸ் தன் பிரெஞ்சு மனைவி மேரி ஆஃப் கீஸுக்காக 1538 வாக்கில் கட்டத் தொடங்கியது. 1542 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத மகள் மேரி அரசியானாள். ஒன்பது மாதக் குழந்தையாக அவளுக்கு முடிசூட்டியதும் இதே கோட்டையில்தான், 1543 செப்டம்பரில். கைக்குழந்தைக்குக் கிரீடம் எப்படி நிற்கும் என்று மகன் கேட்டான். யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று என் கணவர் சொன்னார்.

அறைகளைப் பல ஆண்டு ஆராய்ச்சி செய்து, 1540களில் இருந்த மாதிரியே அலங்கரித்து 2011இல் திறந்திருக்கிறார்கள். உள்ளே போனதும் கண் கூசியது. சிவப்பு, நீலம், பொன், பச்சை. நம் ஊர்க் கோபுரம் வண்ணம் அடித்த மறுநாள் இருக்குமே, அந்தப் பளிச். அரசியின் அறைச் சுவரில் ஒற்றைக்கொம்புக் குதிரையை வேட்டையாடும் கதை திரைச்சீலைகளாகத் தொங்குகிறது, மொத்தம் ஏழு. நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய திரைகளைப் பார்த்துக் கையாலேயே நெய்தவை, தறியில் உட்கார்ந்ததிலிருந்து முடிக்க 14 வருடம் பிடித்திருக்கிறது. ஒரு மூலையில் காட்டுச்செடி ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன், இலையின் ஒரு பாதிக்கே நாலைந்து பச்சை நூல்.

அரசரின் அறையில் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். கூரை முழுக்க வட்டவட்டமாக மரத்தில் செதுக்கிய முகங்கள். ஸ்டர்லிங் தலைகள் என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். ராஜா, ராணி, ரோமப் பேரரசர், ஹெர்குலிஸ், அரசவைக் கோமாளி, தொட்டிலில் ஆடுகிற குழந்தை மாதிரி சிறகு முளைத்த பிள்ளைகள். 1777இல் ஒன்று பெயர்ந்து விழுந்து ஒரு சிப்பாய்க்குக் காயம்பட்டதும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள், அவை கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயின. முப்பதுக்கும் மேற்பட்டவை பிழைத்திருக்கின்றன. இப்போது கூரையில் இருப்பவை ஜான் டொனால்ட்சன் என்ற மரச்சிற்பி பல ஆண்டுகள் உட்கார்ந்து செதுக்கிய புதியவை. அசல்கள் மாடியில் தனிக் கூடத்தில் இருக்கின்றன, கண்ணுக்கு நேராக, கிட்டப் போய்ப் பார்க்கிற மாதிரி.

அந்தக் கூடத்தில் அப்பா ஒன்றேகால் மணி நேரம் இருந்தார்.

வண்ணம் எல்லாம் போய், ஓக் மரம் கருத்து, நரம்பு தெரிகிறது. ஒரு பெண் முகம். கன்னத்தில் உளி கடைசியாக எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு படாத குறையாகக் குனிந்து பார்த்து, விரலால் காற்றில் அதே இழுப்பை இழுத்துக் காட்டினார். "இது நகவுளி. இவன் இடதுகை வாகு உள்ள ஆளு போல, பாரு, இந்தப் பக்கம் சுளுவா வருது, அந்தப் பக்கம் தடுமாறியிருக்கான்." அது சரியா என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு ஆசாரியை அப்பா பக்கத்துப் பட்டறைக்காரர் மாதிரிப் பேசினார். மரம் போலந்துக் காட்டிலிருந்து வந்ததாம். அதைச் சொன்னதும், "நல்ல மரத்துக்காகக் கப்பல் அனுப்புறது புதுசா என்ன, நமக்குப் பர்மாவுல இருந்து வரலியா" என்றார்.

ஒரு தலையைச் சுற்றி விளிம்பில் சுழி, ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு என்று வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. பல காலம் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. நகல் செதுக்கும்போது டொனால்ட்சன்தான் இது வெறும் அலங்காரம் இல்லை, ஒழுங்கற்ற ஒரு வரிசை என்று கவனித்தார். ஹார்ப் என்ற நரம்புக் கருவிக்கான இசைக்குறிப்பாக இருக்கலாம் என்கிறார்கள். கண்ணால் பார்த்தவர்களுக்குப் பிடிபடாதது கையால் செய்தவருக்குப் பிடிபட்டிருக்கிறது. இதை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, இன்னொரு தடவை போய் அந்த விளிம்பை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

மதியத்துக்கு மேல் மலை இறங்கி ஊருக்குள் இருக்கும் ஸ்மித் அருங்காட்சியகம் போனோம், அது மகனுக்காக. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கால்பந்து அங்கே இருக்கிறது. 1540களைச் சேர்ந்தது, கோட்டையில் அரசியின் அறைக் கூரைக்குள் சிக்கியிருந்ததை 1981இல் எடுத்தார்கள். பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி மேலே தோல் தைத்தது. ஒரு தேங்காய் அளவுதான். யாரோ ஓங்கி உதைத்து மேலே போய் மாட்டிக்கொண்டது என்று மகன் முடிவே கட்டிவிட்டான், உதைத்தவன் அடி வாங்கியிருப்பான் என்றும் சேர்த்து.

மூன்றாம் நாள்: கிளென்கோ வழியாக வடக்கே

இன்று கோட்டை எதுவும் இல்லை, சாலைதான். காலண்டர் ஊரில் பெட்ரோல், டின்டிரமில் டீ, அதற்கப்புறம் ரானக் சதுப்புவெளி. மைல் கணக்கில் வீடு கிடையாது, மரம் கிடையாது, கருத்த தண்ணீரும் பழுப்புப் புல்லும்தான். பிறகு சாலை இரண்டு பக்கமும் மலை நெருக்க, கிளென்கோவுக்குள் இறங்குகிறது.

அழகான இடம், ஆனால் கதை தெரிந்தபின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வர முடியவில்லை. 1692 பிப்ரவரி 13. அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க 1691 டிசம்பர் 31 வரை கெடு. இங்கிருந்த மெக்டொனால்ட் குலத் தலைவர் கடைசி நாளில் ஃபோர்ட் வில்லியம் போய் நின்றார், அங்கே வாங்கிக்கொள்ள அதிகாரம் இல்லை என்று இன்வரேரிக்கு அனுப்பினார்கள், பனியில் நடந்து போய்ச் சேர்ந்து உறுதி எடுத்தபோது ஜனவரி 6 ஆகிவிட்டது. அந்தச் சில நாள் தாமதம் போதுமானதாக இருந்தது. சிப்பாய்கள் வந்தார்கள், மெக்டொனால்ட் வீடுகளிலேயே ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கினார்கள், அவர்கள் போட்ட சோற்றைத் தின்றார்கள், ஒரு விடியற்காலையில் எழுந்து வீட்டுக்காரர்களையே வெட்டினார்கள். 38 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தப்பி ஓடியவர்களில் பலர் பனியில் செத்தார்கள்.

அப்பா கேட்டுவிட்டு, "உப்பைத் தின்ன வீட்டுலயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஃபோர்ட் வில்லியம் வரும்வரை யாரும் பேசவில்லை.

ராத்திரித் தங்கலில் ஒரு குழப்பம். பணம் கட்டிப் பதிவு செய்த விடுதியில் எங்கள் பெயரே இல்லை என்றார்கள், அறையும் காலி இல்லை. ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்து தொலைபேசியில் அலைந்து, ஏரிக்கரையில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் இடம் கிடைத்தது. அவர்கள் அப்பாவின் காலில் செருப்பைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே கம்பளிக் காலுறை கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்த நாட்டைப் பற்றி அப்பா இன்று மனதில் என்ன எழுதி வைத்திருந்தாலும், அது இந்தக் காலுறையில் மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

நான்காம் நாள்: ஐலன் டோனன்

கிளென் ஷீல் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் சாலை முடிகிற இடத்தில், மூன்று கடல்நீர் ஏரிகள் சந்திக்கும் முனையில், சின்னத் தீவில் ஒரு கோட்டை. நாட்காட்டியில், பிஸ்கட் டப்பாவில் என்று எங்காவது இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து வளைவு வளைவாகக் கல் பாலம். நாங்கள் போனபோது நீர் வற்றிப் பாசி தெரிந்தது, சாயங்காலம் திரும்பும்போது கடல் ஏறித் தீவு முழுதாகத் தீவாகியிருந்தது. கடலோரத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பாசி வாசனை போதும், ஊர் வந்துவிடும்.

பார்த்தால் ஆயிரம் வருடக் கோட்டை மாதிரி இருக்கும். ஆனால் நாம் பார்ப்பது நூறு வருடத்துக் கட்டடம். முதல் கோட்டை 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1719இல் ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற நடந்த முயற்சியில் ஸ்பெயின் நாட்டுச் சிப்பாய்கள் சிலர் இங்கே காவல் இருந்தார்கள், உள்ளே வெடிமருந்துக் கிடங்கு. மே மாதம் மூன்று போர்க்கப்பல்கள் வந்து சுட்டன, கோட்டை பிடிபட்டது, உள்ளே இருந்த மருந்தில் 27 பீப்பாயை எடுத்துக் கோட்டையையே தகர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இருநூறு வருடம் கல் குவியல். 1911இல் ஜான் மக்ரே கில்ஸ்ட்ராப் என்பவர் தீவை வாங்கினார், ஃபார்கர் மக்ரே என்ற கட்டடக்காரர் வேலையை ஏற்று 1932இல் முடித்தார். கோட்டை முன்பு எப்படி இருந்தது என்று ஃபார்கருக்குக் கனவு வந்ததாக ஒரு கதை சொல்கிறார்கள்.

வாசலில் மேலிருந்து இறங்குகிற கனமான கதவு. அதற்கு மேலே கேலிக் மொழியில் ஒரு வாசகம்: உள்ளே மக்ரே ஒருவர் இருக்கும்வரை வெளியே ஃபிரேசர் ஒருவர் நிற்க மாட்டார். இரண்டு குலத்துக்கும் இருந்த நட்பு அது. நேற்றைய கிளென்கோவுக்கு அடுத்த நாள் இந்த வாசகத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பாவுக்குச் சொன்னேன். "கதவுமேல எழுத வேண்டியது இதுதான்" என்றார்.

உள்ளே விருந்துக்கூடம், படுக்கையறைகள், மாவு பிசைகிற சமையல்காரப் பொம்மைகளோடு 1930களின் சமையலறை. அங்கே மகன்தான் அதிக நேரம் நின்றான், நான் வேகமாகத் தாண்டி வந்துவிட்டேன். எனக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது, வெளியே வந்து பாலத்துச் சுவரில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். இடிந்ததை முழுக்கப் புதிதாகக் கட்டினால் அது பழைய கோட்டையா? எனக்கு மனசு ஒப்பவில்லை. சிதைந்ததைச் சிதைந்தபடி விடுவதுதான் நேர்மை என்று பட்டது.

அப்பா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஒரு படகு வருது. முதல் வருஷம் ரெண்டு பலகை மாத்துறேன். அப்புறம் வங்கு நாலு. பத்து வருஷத்துல அடிக்கட்டை ஏரா மட்டும்தான் பழசு, ஒருநாள் அதையும் மாத்திடுறோம். அது வேற படகுன்னு யாராவது சொல்வாங்களா? அதே பேரு, அதே ஆளு, அதே கடல். மராமத்து பாக்காம கரையில ஏத்திப் போட்டாத்தான் படகு செத்துச்சுன்னு அர்த்தம்."

அது ஒரே சமயத்தில் மாற்றுவதில்லையே, இது இருநூறு வருடம் செத்துக்கிடந்ததே என்றேன். "கட்டுறதுக்கு ஒருத்தன் வந்தானில்ல" என்று சொல்லிவிட்டு எலுமிச்சை ஊறுகாயைக் கேட்டார்.

ஐந்தாம் நாள்: அர்கர்ட், நெஸ் ஏரி

மழை. நாள் முழுக்க மழை. மகன் நெஸ் ஏரி பூதத்துக்காக வந்தான், நான் கோட்டைக்காக. ஏரி 230 மீட்டர் ஆழம் வரை போகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள எல்லா ஏரித் தண்ணீரையும் சேர்த்தாலும் இதில் உள்ளதை எட்டாதாம். கரியை அரைத்து ஊற்றின மாதிரித் தண்ணீர், மலையிலிருந்து வருகிற மக்கின புல்மண்தான் அந்தக் கருப்பு.

அர்கர்ட் கோட்டை கரைமேல் அப்படியே உடைந்து கிடக்கிறது. இங்கே யாரும் எதையும் திரும்பக் கட்டவில்லை, மேலும் விழாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1545இல் மெக்டொனால்டுகள் மேற்கிலிருந்து வந்து கொள்ளையடித்தபோது ஆடுமாடு, மேசை நாற்காலி, பீரங்கி மட்டுமல்ல, வாசல் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். இதைக் கேட்டதும் அப்பா நின்றுவிட்டார். கொள்ளைக்காரன் கதவைச் சுமந்துகொண்டு போகிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட கதவாக இருந்திருக்கும் என்று அவருக்கு ஆதங்கம்.

பிறகு 1692இல், கிளென்கோ நடந்த அதே வருடம், இங்கிருந்து கிளம்பிய அரசுப் படை எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று வாசல் கட்டடத்தை மருந்து வைத்துத் தகர்த்தது. அப்போது பெயர்ந்த கட்டுமானத் துண்டு ஒன்று இன்னும் வாசலருகே விழுந்தபடி கிடக்கிறது, ஒரு லாரி அளவு, கல்லும் சுண்ணாம்பும் பிரியாமல். அந்தத் துண்டு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். நேற்று நான் சொன்னது சரி என்று எனக்கு இங்கே தோன்றியது. ஒரு நிமிடத்தில் நடந்த காரியம் முந்நூற்றுச் சொச்சம் வருடமாகக் கண் முன்னால் இருக்கிறது. இதை எடுத்து மறுபடி சுவரில் வைத்துவிட்டால் அந்த நிமிடம் போய்விடும்.

அப்பா குடைக்குள் நின்று சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்க்கப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்ல கலவை" என்றார். ஒரு சமாதானம் மாதிரி இருந்தது.

ஆறாம் நாள்: ஃபைரிஷ் மலை

இதுதான் நான் அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்தது.

இன்வர்னெஸ்ஸிலிருந்து கெசக் பாலம் தாண்டி வடக்கே அரைமணி நேரம் போனால் எவன்டன், ஆல்னஸ் என்று இரண்டு சிற்றூர்கள். அவற்றுக்கு மேலே 453 மீட்டர் உயரத்தில் ஃபைரிஷ் மலை. உச்சியில் வளைவுகளும் தூண்களுமாக ஒரு கல் கட்டடம், கீழே நெடுஞ்சாலையிலிருந்தே கோட்டை மதில் மாதிரித் தெரியும். அது நாகப்பட்டினம்.

1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்த ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கியவர் சர் ஹெக்டர் மன்றோ. இந்த மலையடிவாரத்து நோவர் எஸ்டேட் அவருடையது. தான் பிடித்த நாகைக் கோட்டையின் வாசலைப் போல இங்கே கட்டச் சொன்னார், 1782 வாக்கில் எழுந்தது. இதே மன்றோதான் முந்தின வருடம், 1780இல், புள்ளலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்தபோது, சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு உதவிக்குப் போய்ச் சேராமல், பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினவர். காஞ்சிபுரத்துக்கு இங்கே நினைவுச்சின்னம் எதுவும் கட்டவில்லை.

காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பைன் காட்டுக்குள் ஏறுகிற பாதை, வேர்கள் குறுக்கே ஓடுகின்றன, அங்கங்கே சேறு. அப்பாவுக்கு 68 வயது, எங்கே போகிறோம் என்று கேட்காமலே ஏறினார். பாதிக்கு மேல் மரங்கள் விலகி ஹீதர் புதர்கள் மட்டும், காற்று பலமாக அடித்தது. மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். முக்கால்வாசி ஏறின பிறகுதான் சொன்னேன், "அப்பா, மேல இருக்கிறது நம்ம ஊர் வாசல்."

நம்பவில்லை. முழுக்கதையும் சொன்னேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டு வேலையில்லாமல் இருந்த மக்களுக்குக் கூலி கொடுக்கத்தான் மன்றோ இதைக் கட்டினார் என்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று உச்சியிலிருந்து கற்களைக் கீழே உருட்டிவிட்டு மறுபடி தூக்கிவர வைத்தார் என்றும் உள்ளூரில் ஒரு கதை உண்டு. மன்றோ நல்லவர் என்பதற்கு அடையாளமாக இதைச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. கல் சுமந்தவர்களின் முதுகை நினைத்தேன், அவர்களுக்குக் கொடுத்த கூலி எந்தக் கடற்கரையிலிருந்து வந்தது என்றும் நினைத்தேன்.

உச்சியில் எங்களைத் தவிர நாயோடு வந்த ஒரு பெண் மட்டும். கீழே க்ரோமர்டி கடற்கழி நீலமாக விரிந்து கிடக்கிறது, எண்ணெய் எடுக்கும் மேடைகள் இரண்டு மூன்று கரை ஒதுங்கி நிற்கின்றன. நடுவில் வளைவுகள், இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தூண் கட்டடங்கள், கரடுமுரடான கல். பூச்சு இல்லை. வளைவுக்குள் காற்று ஊளையிட்டது.

நான் நாகையில் வளர்ந்தவள். கோட்டை இருந்தது என்று பாடத்தில் படித்தோம், ஆனால் இதுதான் கோட்டை என்று என் கண்ணுக்கு யாரும் எதையும் காட்டியது கிடையாது. பக்கத்தில் தரங்கம்பாடிக்குப் பள்ளிச் சுற்றுலா போய் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு வருவோம், நம் ஊரில் ஒன்று இருந்ததே என்று யாரும் கேட்டதில்லை. இங்கே, பனி பெய்கிற மலையில், யாரோ ஒருவரின் ஞாபகத்திலிருந்து கட்டிய வாசல் 240 வருடமாக நிற்கிறது. நேற்று வரை பேசின பேச்சில் இது எதில் சேரும்? இது இடிந்ததும் இல்லை, திரும்பக் கட்டினதும் இல்லை. எனக்குக் கோபமா, ஆசையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கல்லைத் தொட வேண்டும்போலவும் இருந்தது, தொடக் கூடாது போலவும் இருந்தது.

அப்பா தொட்டார். வழக்கம்போல நேராக வாசலுக்குத்தான் போனார். இடது பக்கத் தூணின் உள்முகத்தைக் கீழிருந்து கை எட்டும் வரை தடவினார், அப்புறம் வலது பக்கம். குனிந்து தரையில் புல்லை விலக்கிப் பார்த்தார். அண்ணாந்து வளைவின் அடியைப் பார்த்தார். மகன் கூடவே போய், "என்ன தாத்தா தேடுறீங்க?" என்றான்.

"குடுமிக் குழிடா. கதவு உக்கார்ற குழி. கீழ ஒண்ணு இருக்கணும், மேல ஒண்ணு இருக்கணும்."

மறுபடி ஒரு சுற்றுத் தேடினார். கையில் ஒட்டின பாசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதுக்குக் கதவே மாட்டலம்மா" என்றார். கொஞ்ச நேரம் வளைவு வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கம்பளிக் காலுறையோடு உள்ளே நடந்து அந்தப் பக்கம் போனார்.